எத்தனை எக்ஸ் என்று கேட்காதீர்கள்: ஜூம் கேமரா வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

நவம்பர் பிறந்து வேடந்தாங்கல் ஏரியில் நாரைகள் வந்து இறங்க ஆரம்பித்ததும், பறவை பார்க்கப் போகிற எல்லோரிடமும் ஒரு கேள்வி வரும். "அண்ணே, நல்ல ஜூம் கேமராவா ஒண்ணு சொல்லுங்க. எத்தனை எக்ஸ் வாங்கலாம்?" கடைக்குப் போனால் அங்கேயும் இதே பேச்சுதான். "சார், இது 40 எக்ஸ், அது 65 எக்ஸ். நிலாவே கிட்ட வந்துடும்." எண் பெரிதாக இருப்பதை நம்பிப் பணம் கட்டிவிட்டு, முதல் ஞாயிற்றுக்கிழமையே ஏரிக்கரையில் முகம் வாடி நிற்பவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கலாம். பறவை பெரிதாகத்தான் தெரிகிறது; ஆனால் இறகெல்லாம் குழைந்து, சாயம் பூசிய மாதிரி இருக்கிறது.

கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. அந்த எண் சொல்வது ஒன்று, நாம் அதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. ஜூம் கேமரா தேர்ந்தெடுக்க உண்மையில் உதவும் எண்கள் இரண்டு. லென்ஸ் எட்டும் கடைசி முனை ஒன்று. அந்த முனையில் அதன் வாய் எவ்வளவு அகலம் என்பது மற்றொன்று. இரண்டையும் நிதானமாகப் பார்ப்போம். எட்டாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும்.

எக்ஸ் என்பது வெறும் வகுத்தல்

ஜூம் லென்ஸின் மேல் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். பெரியதைச் சிறியதால் வகுத்தால் வருவதுதான் எக்ஸ். புதுக் கேமராவோடு சேர்ந்து வரும் 18–55 மி.மீ. லென்ஸ் 3 எக்ஸ். 100–300 மி.மீ. லென்ஸும் 3 எக்ஸ். முன்னதில் மரம் முழுதும் தெரியும், பின்னதில் கிளையில் இருக்கும் கூடு தெரியும். எக்ஸ் மட்டும் ஒன்றுதான்.

நம் ஊர்ப் பறவை ஒளிப்படக்காரர்கள் பலர் தோளில் சுமக்கும் நிக்கான் 200–500 மி.மீ. லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். எடை மட்டும் 2.3 கிலோ. அது எத்தனை எக்ஸ்? வெறும் 2.5. இன்னும் விலை உயர்ந்த 600 மி.மீ. லென்ஸ்களில் பலவற்றுக்கு ஜூமே கிடையாது. ஒரே எண்தான், ஆக 1 எக்ஸ். எக்ஸ் கூடினால் தூரம் கூடும் என்பது உண்மையானால், இவர்கள் எல்லோரும் சட்டைப்பைக் கேமராவை வாங்கிக்கொண்டு தோள்வலியிலிருந்து தப்பித்திருப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கேனன் பவர்ஷாட் எஸ்எக்ஸ்70 கேமராவின் லென்ஸ் 21-இல் தொடங்கி 1365-இல் முடிகிறது. வகுத்தால் 65 எக்ஸ். அதே லென்ஸ் 24-இல் தொடங்கி அதே 1365-இல் முடிந்திருந்தால் 57 எக்ஸ் என்றுதான் பெட்டியில் போட்டிருப்பார்கள். தூரத்துப் பறவை இரண்டிலும் ஒரே அளவுதான் தெரியும். அந்த எட்டு எக்ஸ் கூடியது இந்தப் பக்கம், அதாவது அகலக் காட்சி எடுக்கும் பக்கம். அதற்கும் பயன் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் 216 அடி விமானத்தைப் பிராகாரத்தில் நின்றபடி ஒரே படத்துக்குள் அடக்க வேண்டுமானால் 21 கைகொடுக்கும். ஆனால் அது தூரக் கணக்கில் சேராது.

இதுவரை சொன்னது: எக்ஸ் என்பது தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள விகிதம். எவ்வளவு தூரம் எட்டும் என்று அறிய, முடிவு எண்ணை மட்டும் பாருங்கள்.

நிலாவை அளவுகோலாக வைத்துக்கொள்வோம்

அந்த மி.மீ. எண்ணுக்குப் பெயர் குவியத்தூரம். வெகுதொலைவில் உள்ள பொருளின் பிம்பம், லென்ஸுக்கு எவ்வளவு பின்னால் தெளிவாக விழுகிறதோ அந்தத் தூரம் அது. குவியத்தூரம் இரண்டு மடங்கானால் பிம்பமும் இரண்டு மடங்காகும். பிம்பம் பெரிதாகும்போது படத்துக்குள் அடங்கும் காட்சியின் அகலம் சுருங்கும். ஜூம் பட்டனை அழுத்தும்போது நடப்பது இவ்வளவே.

காட்சியின் அகலத்தைக் கோணமாகச் சொல்வது வழக்கம். 24 மி.மீ.யில் அது சுமார் 74 பாகை, ஓர் அறையின் பாதி அடங்கிவிடும். 50-இல் 40 பாகை. 200-இல் 10. 600-இல் மூன்றரைக்குச் சற்றுக் குறைவு. 3000-இல் முக்கால் பாகைகூட இல்லை.

பாகைக் கணக்கு மனத்தில் நிற்காது என்றால் ஒரு வேலை செய்யுங்கள். கையை நன்றாக நீட்டிச் சுண்டுவிரலைத் தூக்குங்கள். அந்த நகத்தின் அகலம் ஏறக்குறைய ஒரு பாகை. முழுநிலா அதில் பாதி. நம்பச் சிரமமாக இருக்கும், பௌர்ணமி அன்று மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள். அவ்வளவு பெரிய நிலா சுண்டுவிரல் நகத்துக்குப் பின்னால் முழுதாக மறைந்துவிடும்.

இப்போது பறவைக்கு வருவோம். வயல் ஓரத்து மின்கம்பியில் உட்கார்ந்திருக்குமே, வெண்மார்பு மீன்கொத்தி. அலகு முதல் வால் வரை சுமார் 28 செ.மீ. அது 30 மீட்டர் தள்ளி இருந்தால் நம் கண்ணுக்கு என்ன அளவில் தெரியும்? கிட்டத்தட்ட நிலாவின் அளவு, அரைப் பாகை. ஆக நிலாவும் 30 மீட்டர் தூரத்து மீன்கொத்தியும் கேமராவுக்கு ஒரே கணக்கு. ஒரு கேமராவின் எட்டுதிறனை அறிய இதைவிட எளிதான அளவுகோல் எனக்குத் தெரியாது.

24-இல் நிலா ஒரு புள்ளி. 600-இல் படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். 1365-இல் பாதி உயரம். 2000-இல் முக்கால். 3000-இல் நிலா மேலும் கீழும் படத்தைத் தாண்டி வழியும். மீன்கொத்தி 15 மீட்டரில் இருந்தால் எல்லாமே இரண்டு மடங்கு; 60 மீட்டர் தள்ளிப் போனால் பாதி. வேடந்தாங்கலில் கரையிலிருந்து நாரைக் கூடுகள் எவ்வளவு தூரம், உங்கள் வீட்டு முருங்கை மரத்துக் குருவி எவ்வளவு தூரம் என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 30 மீட்டரிலிருந்து 15 மீட்டருக்கு நெருங்க முடிந்தால் 600, 1200-க்குச் சமம். காசு செலவில்லாத ஜூம் அது. பறவை கலையாத அளவுக்கு மட்டும் போக வேண்டும். கூடு கட்டியிருக்கும் இடத்தில் போகவே கூடாது.

சின்னக் கேமராவில் 3000 எப்படி வந்தது?

நிக்கான் 2018-இல் கூல்பிக்ஸ் பி1000 என்ற கேமராவைக் கொண்டுவந்தது. 24–3000, அதாவது 125 எக்ஸ். எடை 1.4 கிலோ. 500 வரை எட்டும் லென்ஸே 2.3 கிலோ எடை என்று மேலே பார்த்தோம். அப்படியிருக்க 3000 எப்படி இவ்வளவு சின்ன உடம்புக்குள் நுழைந்தது?

அந்த லென்ஸின் விளிம்பில் எழுதியிருப்பதைப் படித்தால் விஷயம் விளங்கிவிடும். அங்கே 4.3–539 என்றுதான் இருக்கும். 3000 என்பது ஒப்பீட்டு எண். விளம்பரத்தில் 'ஈக்விவலன்ட்' என்று சொல்வார்கள்.

இதைப் புரிந்துகொள்ள சென்சாரைப் பார்க்க வேண்டும். பிம்பம் விழும் சில்லுக்குச் சென்சார் என்று பெயர். ஃபிலிமின் இடத்தில் இன்று இருப்பது இது. பழைய 35 மி.மீ. ஃபிலிம் கட்டம் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது. அதே அளவுள்ள சென்சாருக்கு ஃபுல் ஃபிரேம் என்று பெயர். பி1000-க்குள் இருப்பதோ 6.2-க்கு 4.6 மி.மீ. அளவுள்ள சில்லு. நம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. லென்ஸ் தருகிற பிம்பத்தில் நடுவில் உள்ள சின்னத் துண்டை மட்டும் அது எடுத்துக்கொள்கிறது. துண்டைப் படம் முழுக்க விரித்துப் பார்க்கும்போது, 539 மி.மீ. லென்ஸ் ஃபுல் ஃபிரேமில் 3000 தரும் காட்சியைத் தருகிறது. ஏறக்குறைய ஐந்தரை மடங்கு.

மோசடி என்று இதைச் சொல்ல முடியாது. வெவ்வேறு அளவுச் சென்சார் உள்ள கேமராக்களை ஒப்பிட இந்த ஒப்பீட்டு எண் அவசியம். நான் மேலே சொன்ன கோணக் கணக்கு முழுவதும் ஒப்பீட்டு எண்ணுக்கானதே. ஆனால் உங்கள் நண்பர் 'என்னிடம் 300 லென்ஸ் இருக்கிறது' என்று சொன்னால், எந்தக் கேமராவில் என்று கேளுங்கள். பலரிடம் உள்ள, ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாரில் 300 என்பது 450, கேனனில் 480.

ஒரு சின்ன எச்சரிக்கை. சென்சாரை 'ஒரு இன்ச்' என்று சொல்வார்கள். அதன் உண்மை அளவு 13.2-க்கு 8.8 மி.மீ.; மூலைக்கு மூலை அளந்தாலும் ஓர் அங்குலம் வராது. பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களின் காலத்திலிருந்து வந்த பெயர் அது. இருந்தாலும் பி1000-இன் சில்லைவிட இது பரப்பில் நான்கு மடங்கு பெரியது.

சுருக்கமாக: பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது ஒப்பீட்டுக் குவியத்தூரம், அது காட்சிக் கோணத்தைச் சொல்லும். லென்ஸில் சின்ன எழுத்தில் இருப்பது உண்மைக் குவியத்தூரம், அது அடுத்த கணக்குக்குத் தேவைப்படும்.

வாயின் அகலம்: யாரும் கேட்காத எண்

இங்கேதான் நின்று பேச வேண்டும். படம் நன்றாக வருமா வராதா என்பது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு சொம்பையும் ஓர் அண்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மேலே பெய்வது ஒரே மழை. பத்து நிமிடத்தில் அண்டாவில் சில சொம்புத் தண்ணீர் சேரும். சொம்பில் அடி நனைந்திருக்கும். பாத்திரத்தின் உயரத்தாலோ விலையாலோ இந்த வித்தியாசம் வரவில்லை. வாயின் அகலம்தான் காரணம். அகலம் இரண்டு மடங்கானால் சேரும் தண்ணீர் நான்கு மடங்கு, ஏனென்றால் சேர்வது பரப்பைப் பொறுத்தது.

மீன்கொத்தியின் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் இந்த மழையைப் போல எங்கும் பரவி வருகிறது. அதில் லென்ஸின் வாய்க்குள் விழுவது மட்டுமே படமாகும். அந்தத் திறப்புக்கு அபர்ச்சர் என்று பெயர். வெளிச்சம் குறைவாகச் சேர்ந்தால், கேமரா சென்சாரின் சமிக்ஞையை மின்முறையில் பெருக்கிக்கொள்ளும். எவ்வளவு பெருக்குகிறது என்பதைச் சொல்லும் எண்தான் ஐஎஸ்ஓ. பெருக்கும்போது படத்தோடு சேர்ந்து புள்ளிப் புள்ளியான கசடும் பெருகும், அதுதான் நாய்ஸ். அந்தக் கசடை மறைக்கக் கேமரா படத்தை உள்ளுக்குள்ளேயே வழித்துவிடும். இறகெல்லாம் சாயம் பூசிய மாதிரி வந்தது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இந்த வழிப்பில் வந்தது.

வாயின் அகலத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். லென்ஸின் விளிம்பில் குவியத்தூரத்துக்குப் பக்கத்தில் எஃப் எண்கள் இரண்டு இருக்கும், எடுத்துக்காட்டாக 3.4–6.5. முதலாவது அகல முனைக்கு, இரண்டாவது ஜூம் முனைக்கு. உண்மைக் குவியத்தூரத்தை அந்த இரண்டாவது எஃப் எண்ணால் வகுங்கள். வருவதுதான் முழு ஜூமில் லென்ஸின் வாய் அகலம். ஒப்பீட்டு எண்ணை வகுத்துவிடாதீர்கள், விடை தப்பாகிவிடும்.

வகுத்துப் பார்ப்போமா? கேனன் எஸ்எக்ஸ்740 என்ற சட்டைப்பைக் கேமரா, 40 எக்ஸ், 960 வரை எட்டும். உண்மைக் குவியத்தூரம் 172, எஃப் 6.9. வாய் 25 மி.மீ., பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவு. எஸ்எக்ஸ்70, 65 எக்ஸ்: 247-ஐ 6.5-ஆல் வகுத்தால் 38 மி.மீ. சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4, வெறும் 25 எக்ஸ், 600 வரைதான்: 220-ஐ 4-ஆல் வகுத்தால் 55 மி.மீ.

40 எக்ஸுக்கு 25 மி.மீ. வாய், 25 எக்ஸுக்கு 55 மி.மீ. வாய். பரப்பில் பார்த்தால் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வித்தியாசம். அதே மீன்கொத்தியிடமிருந்து அதே நொடியில் சோனி ஐந்து பங்கு வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிறது. கடையில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து "இது 40, அது 25" என்று சொல்லும்போது இந்த விஷயம் காதில் விழுவதே இல்லை.

இன்னும் சில. நிக்கான் பி950, 83 எக்ஸ், 2000 வரை: வாய் 55. பி1000: 67. கேனன் ஏபிஎஸ்-சி கேமராக்களுக்கான எடை குறைந்த 55–250 லென்ஸ், வெறும் 375 கிராம்: 45. நிக்கான் 200–500: 89. அதன் 2.3 கிலோ எங்கே போகிறது என்று இப்போது தெரிந்திருக்கும். எல்லாம் கண்ணாடி. பி1000-இன் காட்சியை அதே எஃப் 8-இல் ஃபுல் ஃபிரேமில் எடுக்க வேண்டுமானால் 3000-ஐ 8-ஆல் வகுத்து 375 மி.மீ. வாய் வேண்டும். பதினைந்து அங்குலம், பெரிய சாப்பாட்டுத் தட்டைவிட அகலம். அப்படி ஒரு லென்ஸைத் தோளில் தூக்க முடியாது.

வாய் குறுகினால் இன்னொரு பாதிப்பும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் விளிம்பு விளைவு படித்திருப்பீர்கள்: குறுகிய திறப்பின் வழியாக வரும் ஒளி, ஓரங்களில் பரவும். எஃப் 8-இல் மிகச் சிறந்த லென்ஸ்கூட ஓர் ஒளிப்புள்ளியைச் சுமார் 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமுள்ள வட்டமாகத்தான் விழவைக்கும். சின்னச் சென்சாரில் 16 மெகாபிக்சலை அடுக்கினால் ஒரு பிக்சலின் அகலம் 1.3 மைக்ரான். ஒரு புள்ளி அகலத்தில் ஏழெட்டுப் பிக்சலை மூடிவிடுகிறது. இதன் பிறகு மெகாபிக்சலை ஏற்றுவதால் கோப்பின் அளவு கூடுமே தவிர இறகின் நுணுக்கம் கூடாது. மெகாபிக்சலை ஒப்பிடுவதை இந்த வகைக் கேமராவில் விட்டுவிடலாம் என்பது என் முடிவான கருத்து.

ஆக: முழு ஜூமில் வாய் அகலம் = உண்மைக் குவியத்தூரம் ÷ எஃப் எண். இது கூடினால் வெளிச்சம் கூடும், நுணுக்கம் கூடும், எடையும் விலையும் சேர்ந்தே கூடும்.

டிஜிட்டல் ஜூமும் கைபேசியின் 100 எக்ஸும்

லென்ஸ் அசைந்து பிம்பத்தையே பெரிதாக்குவது ஆப்டிகல் ஜூம். எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி, இல்லாத பிக்சலை ஊகித்து நிரப்பிப் பெரிதாக்குவது டிஜிட்டல் ஜூம். பின்னதை வீட்டில் கணினியிலேயே நிதானமாகச் செய்யலாம், அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம். பெட்டியில் இரண்டு எக்ஸ் எண்கள் இருந்தால் ஆப்டிகல் என்று போட்டிருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கியதும் மெனுவில் டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுவது நல்லது.

கைபேசியில் எக்ஸுக்கு அர்த்தமே மாறுகிறது. அங்கே 1 எக்ஸ் என்பது அதன் முதன்மைக் கேமராவின் காட்சி, ஏறக்குறைய 24 மி.மீ. சாம்சங் 2020-இல் எஸ்20 அல்ட்ராவில் 100 எக்ஸ் என்று விளம்பரப்படுத்தியது. அதில் பெரும்பகுதி வெட்டி நிரப்பும் வேலை. அடுத்த ஆண்டு வந்த எஸ்21 அல்ட்ராவில் லென்ஸாலேயே கிடைத்த 10 எக்ஸ் என்பது ஒப்பீட்டில் 240 மி.மீ. கைபேசிக்கு அது பெரிய சாதனை. ஆனால் வாய் சில மில்லிமீட்டர்தான். இன்று கைபேசிகள் நிலாவை அழகாகக் காட்டுவதில் மென்பொருளின் பங்கு அதிகம். நிலா என்றும் ஒரே முகம் காட்டுவதால் மென்பொருளுக்கு அது எளிது. மீன்கொத்தியிடம் அது பலிக்காது.

கை நடுக்கம்

3000-இல் படத்தின் அகலம் முக்கால் பாகைகூட இல்லை என்று பார்த்தோம். கை கால் பாகை அசைந்தால் பறவை மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் போய்விடும். பறவையைப் பெரிதாக்கும் லென்ஸ் நடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்கும்.

பழைய கைவிதி ஒன்று உண்டு: ஒப்பீட்டுக் குவியத்தூரம் 600 என்றால் ஷட்டர் 1/600 நொடிக்கு மேல் திறந்திருக்கக் கூடாது, 2000 என்றால் 1/2000. இப்போதைய கேமராக்களில் நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசர் இருக்கிறது. லென்ஸுக்குள் ஒரு கண்ணாடியையோ சென்சாரையோ எதிர்ப்பக்கம் நகர்த்தி அது பிம்பத்தை நிறுத்தி வைக்கும். அதன் புண்ணியத்தால் 1/2000 வேண்டிய இடத்தில் 1/125-இல்கூட உட்கார்ந்திருக்கும் பறவை தெளிவாக வரும்.

ஆனால் ஸ்டெபிலைசர் நிறுத்துவது உங்கள் கையைத்தான், பறவையை அல்ல. சிறகடிக்கும் பறவைக்கு 1/1000-க்குக் குறையாத வேகம் வேண்டும். அந்த வேகத்தில் உள்ளே வரும் வெளிச்சம் கொஞ்சம். மறுபடியும் வாயின் அகலத்துக்கே வந்து சேர்கிறோம்.

பெரிய ஜூமில் பறவையைக் கண்டுபிடிப்பதே தனிப் பாடு. திரையில் இலையும் வானமும் மட்டும் மாறி மாறி ஓடும், பறவை சிக்காது. இதற்காகச் சில கேமராக்களில் லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பட்டன் வைத்திருப்பார்கள். அழுத்திப் பிடித்தால் காட்சி விரியும், விட்டால் பழைய ஜூமுக்கே திரும்பும். எக்ஸைவிட இந்தப் பட்டன் உங்களுக்கு அதிகம் உதவும். கண்ணை ஒட்டிப் பார்க்கும் வியூஃபைண்டரும் அவசியம். நம் ஊர் வெயிலில் பின்பக்கத் திரை கண்ணாடிபோல் நம் முகத்தைத்தான் காட்டும். தவிர, கேமரா நெற்றியில் முட்டி நின்றால் நடுக்கமும் குறையும்.

காற்று செய்யும் வேலை

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சாலையோரத்திலிருந்து மதியம் பன்னிரண்டு மணிக்குப் பாருங்கள். தண்ணீருக்கு மேல் காற்று நெளிவது வெறும் கண்ணுக்கே தெரியும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து ஒளியை இப்படியும் அப்படியும் வளைக்கின்றன. 200 மீட்டர் தள்ளி நிற்கும் நாரையை எந்த லென்ஸில் எடுத்தாலும் அந்த நெளிவு படத்தில் இருக்கும். விலை உயர்ந்த லென்ஸ் நெளிவைத் துல்லியமாகக் காட்டும், அவ்வளவுதான். தூரத்துப் பறவைக்கு விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். வண்டிக்குள் ஏசி ஓடும்போது ஜன்னலை இறக்கி எடுத்தாலும் இதே தொல்லைதான்.

அப்படியானால் எதை வாங்குவது?

எங்கே எடுக்கப் போகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

பள்ளி ஆண்டு விழாவில் மேடையில் ஆடும் பிள்ளையை எடுக்க வேண்டும் என்பவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள். மைதான விளையாட்டு விழாவுக்கு 40 எக்ஸ் சட்டைப்பைக் கேமரா போதும், வெயில் இருக்கிறது. அரங்க விளக்கில் எஃப் 6.9 லென்ஸ் திணறிவிடும். அங்கே 200–300 வரை எட்டினாலே போதுமானது. ஒரு இன்ச் அல்லது அதைவிடப் பெரிய சென்சார், ஜூம் முனையில் எஃப் 4 அல்லது அதற்குக் கீழ் உள்ள லென்ஸைத் தேடுங்கள். கோயில் சிற்பம், சுற்றுலா என்றாலும் இதே வகை. கோபுரத்து உச்சியில் உள்ள சுதைச் சிற்பத்துக்கு 400 தாராளம்.

பறவைக்கு என்றால் இரண்டு பாதைகள் இருக்கின்றன. லென்ஸ் கழற்ற முடியாத, ஆனால் பார்க்க லென்ஸ் மாற்றும் எஸ்எல்ஆர் கேமரா போன்ற கேமராக்களைப் பிரிட்ஜ் கேமரா என்பார்கள். பி950-ம் சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4-ம் அந்த வகை. இரண்டின் வாய் அகலமும் 55 மி.மீ. என்று பார்த்தோமே, ஆகவே பறவையிடமிருந்து இரண்டும் வாங்கும் வெளிச்சம் ஒன்றே. பி950 பறவையை மூன்று மடங்கு பெரிதாகக் காட்டும். தூரத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவை, அடையாளம் காண ஒரு படம், நிலா என்றால் அது அருமையான கேமரா. சோனி வேகமாக ஃபோகஸ் செய்யும், நொடிக்கு 24 படம் எடுக்கும். பறக்கும் பறவைக்கு அதுதான் சரி. வேடந்தாங்கலுக்கு வருடம் இரண்டு முறை போகும் குடும்பத்துக்கு நான் பி950 வகையைச் சொல்வேன். வாரா வாரம் ஏரிக்குப் போகத் தொடங்கிவிட்டவர் லென்ஸ் மாற்றும் கேமராவுக்குப் போய்விடுவது நல்லது. ஏபிஎஸ்-சி கேமராவும் 55–250 லென்ஸும் வைத்துப் பழகிவிட்டு, பிறகு பெரிய லென்ஸை யோசிக்கலாம். 125 எக்ஸ்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் பி1000-ஐ ஒருமுறை கையில் வாங்கி, முழு ஜூமில் ஐந்து நிமிடம் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடையிலேயே சோதிக்கலாம். டிஜிட்டல் ஜூமை அணைத்துவிட்டு, கடை வாசலிலிருந்து எதிர்ச் சாரியில் உள்ள பெயர்ப்பலகையில் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணை முழு ஜூமில் எடுங்கள். பிறகு முக்கால் ஜூமில் ஒன்று. இரண்டையும் திரையில் முழுதாகப் பெரிதாக்கிப் பாருங்கள். முக்கால் ஜூமில் எடுத்ததே தெளிவாக இருந்தால், கடைசிக் கால்பங்கு ஜூம் பெட்டிக்காகப் போட்ட எண் என்று தெரிந்துகொள்ளலாம்.

மேலே சொன்ன கேமராக்களில் சில இப்போது பழைய மாடல்கள் ஆகிவிட்டன, செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டியிருக்கும். ஜூம் லென்ஸ் ஒவ்வொரு முறை நீளும்போதும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அதோடு தூசியும் சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் ஈரப்பதமும் போகும். ஆகவே வாங்கும் முன் லென்ஸை முழுதாக நீட்டி, முன்பக்கத்திலிருந்து சாய்வாகக் கைபேசி டார்ச்சை அடித்து உள்ளே பாருங்கள். நாலைந்து தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. சிலந்தி நூல் மாதிரி வெண்மையாகக் கிளை பிரிந்து ஓடினால் அது பூஞ்சை. கண்ணாடியின் மேற்பூச்சை அது அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது. விலை பாதியாக இருந்தாலும் எடுக்காதீர்கள். நீட்டும்போது மோட்டார் கரகரக்கிறதா, பாதியில் நிற்கிறதா என்பதையும் காதால் கேளுங்கள். வாங்கி வந்த கேமராவைத் தோல் பைக்குள் பூட்டி பீரோவில் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, மாதம் ஒருமுறை வெளியே எடுத்து ஜூமை இரண்டு தடவை ஓட்டிவிட்டு வையுங்கள்.